இரும்பு முனியின் முதல் குடம்

ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்து
20 ஜனவரி 1991

நடேசனுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. சாமிக்குத் தீ வைத்தவள் என்று பெயர் வைத்து, பதினாலு வயசில் வீட்டை விட்டு அனுப்பினீர்களே, அந்த அக்கா செங்கமலம்தான் எழுதுகிறேன். கடைசியாக நீ எனக்குப் போட்டது ஒரு கார்டு. அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து இருபது நாள் கழித்து வந்தது. அதில் இரண்டே வரி. பத்தொன்பது வருஷம் ஆகிறது. பதில் போடும்படி அதில் ஒன்றும் இல்லை, நானும் போடவில்லை.

நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

நான் இங்கே பத்து வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் மிஸ் பிளாக்ஷாவுக்கு எண்பத்து நான்கு வயது. அவள் கொள்ளுப்பாட்டன் இந்த ஊரில் இரும்பு வார்க்கும் பட்டறை வைத்து, நீராவி இன்ஜினுக்கு பாய்லர் செய்து விற்றவன். ஒரு காலத்தில் ஊரில் பாதி இவர்களுடையது. இப்போது கிழவிக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க விரித்து வைத்திருக்கும் வம்சத் தாள் ஒன்றுதான் மிச்சம். யாருக்கு யார் பிள்ளை, யார் எப்போது எங்கே செத்தார்கள் என்று இருநூறு வருஷத்துக்குக் கோடு இழுத்து எழுதியிருக்கிறாள். அதில் ஒரே ஒரு ஓட்டை. அவள் பாட்டனின் தம்பி ஆலிவர் பிளாக்ஷா 1858-ல் ஒரு பாய்லரோடு மதராஸுக்குக் கப்பல் ஏறினான், திரும்பவில்லை. அவன் பெயருக்குக் கீழே "நேட்டிவ்கள் கொன்றுவிட்டார்கள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாதம் அவனுடைய கடைசிக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். 1863-ல் எழுதியது. அவன் கரும்பாலை வைத்த ஊரின் பெயரை அவள் வாய்க்கு வந்தபடி வாசித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கி நானே படித்தேன். பிள்ளைப்பாக்கம். ஏரிக்கரை.

நாம் அந்த ஏரிக்கரையில் கும்பிடும் இரும்பு முனி என்னவென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதி மண்ணில் புதைந்து, ஒரு பக்கம் பிளந்து கிடக்கும் பழைய பாய்லர். அதன் நெற்றியில் ஒரு தகடு உண்டு. மஞ்சளும் சந்தனமும் அப்பி அப்பி அது தகடு என்பதே யாருக்கும் தெரியாது. நான் சின்ன வயதில் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன், எழுத்து தட்டுப்பட்டது. அதைச் சுத்தம் செய்து, எழுதியிருப்பதை எடுத்து அனுப்பு. கிழவி இந்த வருஷம் தாண்டமாட்டாள்.

செங்கமலம்


பிள்ளைப்பாக்கம்
24 பிப்ரவரி 1991

மரியாதைக்குரிய செங்கமலம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அக்கா என்று எழுதக் கை வரவில்லை. அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

அம்மா செத்தபோது தந்தி கொடுக்க உங்கள் விலாசம் எங்களிடம் இல்லை. நான் காஞ்சிபுரம் மிஷன் பங்களாவுக்கு மூன்று நடை நடந்து விலாசம் வாங்கித்தான் அந்தக் கார்டைப் போட்டேன். ஆயா வேலைக்குப் போன இடத்திலிருந்து துரை குடும்பத்தோடு சீமைக்குப் போனவர், போகிறேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

முனி விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பூசாரி நான்தான். வழக்கம் உங்களுக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். முகத்தில் பூசலாம், சுரண்டக் கூடாது. தீ ஆகாது. கற்பூரம் இல்லை, விளக்கு இல்லை, பொங்கல் பானையும் இல்லை. ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், பழம். ஆடி மூன்றாம் ஞாயிறு ஏழு குடம் தண்ணீர். ஏன் என்று தாத்தா கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை அங்கே கற்பூரம் எரிந்ததற்கு அப்பாவைக் கொடுத்தோம். பதினோராம் நாள் போனார். ஊர் இன்னும் அதை மறக்கவில்லை. இப்போது முகத்தையும் சுரண்டச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. முதல் குடம் வீட்டின் மூத்த பெண் ஊற்ற வேண்டியது. அது கால்மாட்டில் இருக்கும் குடக்கல்லின் மேல் முப்பத்தேழு வருஷமாகக் கவிழ்ந்தே கிடக்கிறது. நாங்கள் ஆறு குடம்தான் ஊற்றுகிறோம். அரைகுறைப் பூசை. அதற்கும் காரணம் யார் என்று ஊருக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் எங்கே செத்தால் எங்களுக்கு என்ன? உங்கள் கடிதத்தை என் பெண்சாதி கனகத்துக்குப் படித்துக் காட்டினேன். "இன்னா நெஞ்சு அந்தம்மாவுக்கு. சாமிக்குத் தீ வச்சதும் இல்லாம, மூஞ்சைச் சொரண்டச் சொல்லி சீமையிலேருந்து எழுதுது. அந்தக் கடுதாசி வூட்ல வேணாம், கொளுத்திடு" என்றாள். கொளுத்தவில்லை. எனக்குத் தீ ஆகாது.

இப்படிக்கு,
எ. நடேசன்


ஹாலிஃபாக்ஸ்
30 மார்ச் 1991

நடேசா,

உன் மூக்கைத் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை முழுக்கச் சுமந்தவளை "அவர்கள்" என்று எழுதுகிறாய். செருப்பைப் பட்டில் சுற்றி அடிப்பது என்பது இதுதான்.

அப்பா காலராவில் செத்தார். அந்த ஆடி மாதம் நம் ஊரிலிருந்து மணிமங்கலம் வரை பதினேழு பேர் போனார்கள். அந்தப் பதினேழு வீட்டுக்கும் நானா போய்க் கற்பூரம் ஏற்றினேன்? அப்பாவுக்குக் கழனியில் குடித்த தண்ணீர் ஆகவில்லை. அதைச் சொல்ல அன்றைக்கு ஒரு வாயும் இல்லை. அம்மா என் கையைப் பிரித்துப் பார்த்தாள், உள்ளங்கை கருகியிருந்தது. அதோடு விசாரணை முடிந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் இழுத்துப் பிடிக்கும்.

ஊர் மறக்கவில்லை, ஊருக்குத் தெரியும் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஊருக்கு என்ன தெரியும்? அன்றைக்குச் சாயங்காலம் முனியிடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். நீ மறந்துவிட்டாயா இல்லையா, அதை எழுது.

கிழவிக்காகக் கேட்கிறேன் என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. ஒரு கட்டி கற்பூரத்துக்காக ஒரு மனிதனைக் கொல்கிற சாமி யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு நான் மூன்று கடல் தாண்டி வந்து, யார் யார் வீட்டுப் பிள்ளைகளையோ குளிப்பாட்டி வளர்த்து, ஐம்பத்தொரு வயசாகி நிற்கிறேன். அந்தத் தகட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் சாக மாட்டேன்.

செங்கமலம்


பிள்ளைப்பாக்கம்
29 ஜூன் 1991

மரியாதைக்குரிய செங்கமலம் அவர்களுக்கு,

பதில் தாமதம். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை அங்கேயும் டிவியில் காட்டியிருப்பார்கள். ஒரு மாதம் இந்தப் பக்கம் போலீஸ் வண்டி தவிர வேறு வண்டி ஓடவில்லை. நான் வேலை பார்க்கும் லாரிப் பட்டறையும் மூடிக் கிடந்தது.

நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை. இது வேறு விஷயம்.

ஏரிக்கரை ஓரம் ஒரு கம்பெனி வருகிறது. நிலம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். ரோடு போட அளக்க வந்தவர்கள் நேராக முனி மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். சங்கிலி பிடிக்கிற ஆள் சிரிக்கிறான்: "இன்னாய்யா இது, காயலான் கடைச் சரக்கைப் போய்க் கும்பிட்டுக்கினு கீறீங்க." நம் தெரு மாரி அவனை அடிக்கப் போய், நான் நடுவில் விழுந்து பிடித்தேன். தாலுகா ஆபீஸ்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். "சமாதி, கல்லறைன்னு ஏதாவது எழுத்து இருந்தா காட்டுங்க, ரோட்டை வளைச்சிடலாம். ஆவணி கடைசி வரைக்கும் பாக்கறேன். இல்லாட்டி கேஸ் கட்டர் வச்சு அறுத்து எடுத்துடுவாங்க" என்றார்.

கேஸ் கட்டர் என்றால் நெருப்பு. முனி மேல் நெருப்பு வைத்தே அறுப்பார்கள்.

அந்த அம்மாளிடம் இருக்கும் 1863-ஆம் வருஷத்துக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பவும். கேட்க வேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எ. நடேசன்


ஹாலிஃபாக்ஸ்
12 ஜூலை 1991

நடேசா,

ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள். உனக்கு நடு ஆற்றிலும் நான் "அவர்கள்"தான்.

கடிதத்தில் ஊர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஏரிக்கரையில் ஆலை வைத்திருக்கிறேன், கொசு அதிகம், மழை இல்லை, இவ்வளவுதான் எழுதியிருக்கிறான். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் உன் தாலுகா ஆபீஸ்காரர் திருப்பித் தருவார். உன் சாமியைக் காப்பாற்றுவது அந்தத் தகடுதான். முப்பது பைசா மஞ்சளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய்.

நகல் என் பெட்டியில் தயாராக இருக்கிறது. தகட்டு எழுத்தின் பிரதி இங்கே வந்தால் மறு தபாலில் அங்கே வரும். அதற்கு முன் வராது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், புதிதாக நினைக்க ஒன்றும் பாக்கி இல்லை.

சுரண்ட வேண்டாம். ஆடி மூன்றாம் ஞாயிறு எப்படியும் தண்ணீர் ஊற்றுவீர்கள். ஆறு குடத்தையும் தகட்டின் மேலேயே ஊற்று. தண்ணீருக்கு அவர் என்றைக்கும் கோபித்ததில்லை. ஊறி உரிந்ததும், பட்டறையில் லாரி சேசிஸ் நம்பருக்குத் தாளை ஒட்டிப் பென்சில் தேய்த்து எடுப்பீர்களே, அதே மாதிரி எடு. உன் பட்டறை வேலை எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. பெரியப்பா மகள் கிளியம்மாள் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாள். அந்த வீட்டில் ஒருத்திக்காவது என் விலாசம் தெரிந்திருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

செங்கமலம்


பிள்ளைப்பாக்கம்
9 ஆகஸ்ட் 1991

செங்கமலம் அவர்களுக்கு,

தகட்டின் பிரதி இதில் இருக்கிறது. நான்கு தாள். ஒட்டிப் பார்த்துக்கொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு குடமும் தகட்டின் மேலேயே ஊற்றினேன். ஒன்றும் அசையவில்லை. திங்கட்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். எத்தனை குடம் என்று எண்ணவில்லை. பதினோரு மணி வெயிலில் ஒரு மூலை தூக்கியது. விரல் கொடுத்தேன். தோசை மாதிரி அப்படியே கழன்று வந்தது. மஞ்சள், அதன் கீழ் சுண்ணாம்பு, அதன் கீழ் மறுபடி மஞ்சள், கடைசியில் கறுப்பாக இரும்பு. அப்பாவும் தாத்தாவும் பூசியதெல்லாம் என் கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

கனகம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க அக்கா பேச்சைக் கேட்டு எவ தாலிய அறுக்கப் போற?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

எனக்கு 1863 என்ற எண் மட்டும் புரிகிறது. ஊரில் இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் இருக்கிறார். அவரிடம் காட்டவில்லை. முதலில் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். என்ன எழுதியிருந்தாலும் மறைக்காமல் எழுதவும். கெட்டதாக இருந்தாலும் சரி. எனக்குக் கெட்டதாக இருந்தாலும் சரி.

நடேசன்


ஹாலிஃபாக்ஸ்
21 ஆகஸ்ட் 1991

நடேசா,

சொன்னபடி நகல் இதில் இருக்கிறது. தகட்டில் இருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இந்த பாய்லருக்கு நெருப்புப் போட்ட எல்லப்பன், 1863-ஆம் வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி இது வெடித்து இறந்தான். தண்ணீர் குறைந்துவிட்டது என்று மூன்று முறை என்னிடம் வந்து சொன்னான். நெருப்பை இறக்காதே என்று உத்தரவிட்டது நான். அவனுக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. என்னை அவன் கால்மாட்டில் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆலிவர் பிளாக்ஷா."

மூன்று தடவை படித்தேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

நம் வீட்டில் தாத்தா பெயர்தான் பேரனுக்கு. தாத்தா நடேசன், அப்பா எல்லப்பன், நீ நடேசன். தாத்தாவுக்கு முன்னால் யார் என்று கேட்டால், தாத்தா தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை என்பதோடு அம்மா நிறுத்திவிடுவாள். அந்தக் கைக்குழந்தைதான் தாத்தா. நீ பூசை போடுவது முனிக்கு இல்லை, நம் தாத்தாவின் அப்பாவுக்கு. புருஷன் வெந்து செத்த இரும்பின் மேல் அவர் பெண்சாதி தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன தண்ணீர். வருஷா வருஷம் ஊற்றியிருக்கிறாள். முதல் குடம் வீட்டுப் பெண்ணுடையது என்பது அவளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். நீங்கள் கவிழ்த்து வைத்தது அவள் குடத்தை. அதைக் கவிழ்த்து வைத்திருக்கும் கல்லின் கீழே கிடப்பது ஆலிவர்.

கிழவிக்குப் படித்துக் காட்டினேன். பேனா கேட்டு, "நேட்டிவ்கள் கொன்றுவிட்டார்கள்" என்பதை அடித்தாள். "நாங்கள் நூறு வருஷமாக உங்கள் ஆட்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை. நம் பெயர்களைத் தன் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் நமக்கென்று தனித் தாள் வாங்கி வந்தேன். அதில் உன் பெயரும் இருக்கிறது. வேறு வழியில்லை.

இனி அந்தக் கற்பூரம். தன் பேரனான நம் அப்பாவை, கற்பூரம் எரிந்தது என்பதற்காக அவர் கொல்வாரா? நெருப்பை இறக்கக் கேட்டுக் கிடைக்காமல் செத்தவர் அவர், நெருப்பை வைத்துப் பழி வாங்குகிறவர் இல்லை. உன் பயத்துக்கு இனிமேல் காரணம் கிடையாது. அன்றைக்கு முனியிடத்தில் இருந்தது இரண்டு பேர். அணைத்தவளின் கை கருகியது, ஏற்றிய கை கருகவில்லை. நான் முப்பத்தேழு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூட வேண்டுமா?

செங்கமலம்


பிள்ளைப்பாக்கம்
24 செப்டம்பர் 1991

அக்கா,

நான்தான் ஏற்றினேன்.

மணிமங்கலம் கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு, தட்டில் கிடந்த ஒரு கட்டியை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லா சாமிக்கும் வெளிச்சம் காட்டுகிறார்களே, நம் சாமி மட்டும் இருட்டில் இருக்கிறாரே என்று தோன்றியது. பத்து வயசு. நீ ஓடி வந்து வெறும் கையால் அடித்து அணைத்தாய். அம்மா உன் கையைப் பிரித்தபோது நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். பதினோரு நாள் கழித்து அப்பா போனார். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைக் கொன்றது நான்தான் என்று இந்த வருஷம் வரைக்கும் நம்பினேன். யாரும் கேட்காமலே பூசாரி வேலையை எடுத்துக்கொண்டதும் அதற்குத்தான்.

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அன்றைக்கே நீ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாலு அடியோடு தீர்ந்திருக்கும். நீ பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதனால்தான் உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரிந்தது. நியாயம் இல்லை, தெரியும். உண்மையைச் சொல்கிறேன்.

ஆவணி கடைசி ஞாயிறு தாலுகா ஆபீஸ்காரர் வந்தார். ஊரே ஏரிக்கரையில் கூடியது. வாத்தியார் தகட்டைப் படித்துச் சொன்னார். பெண்கள் அழுதார்கள். ஆபீஸ்காரர் எழுதிக்கொண்டார், ரோடு இருபது அடி தள்ளிப் போகிறது. அவர் ஜீப்பில் ஏறுவதற்குள் நான் எல்லார் முன்னாலும் கற்பூர விஷயத்தைச் சொன்னேன். மாரிதான் முதலில் வாய் திறந்தான். "அப்ப அந்தப் பொண்ணு வைக்கலியா? முப்பத்தேழு வருசமா இன்னாடா பண்ணிக்கினு இருந்தே?" என்றான். கனகம் திரும்பி வந்துவிட்டாள். சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

முதல் குடத்தை நான் நிமிர்த்தவில்லை. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி கவிழ்த்தே வைத்திருக்கிறேன். அதில் என் கை படலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி,
நடேசன்


ஹாலிஃபாக்ஸ்
18 அக்டோபர் 1991

நடேசா,

உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். நீ சொல்லிவிட்டாய் என்று எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நாற்பத்தேழு வயசில் சொன்னதை இருபது வயசில் சொல்லியிருந்தால், அம்மா காதால் கேட்டிருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அதற்கு நீ எனக்குக் கடன்பட்டவன். அது தீராது.

மிஸ் பிளாக்ஷா போன வெள்ளிக்கிழமை போய்விட்டாள். ஓட்டை இல்லாத தாளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். இங்கே இனி எனக்கு வேலை இல்லை.

ஆடிக்கு வருகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன், கிளியம்மாள் வீட்டில் பாய் போடச் சொல். விமான நிலையத்துக்கு நீ வராதே, மாரியை அனுப்பு. வழியில் என்ன பேசுவதென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குடத்தை நானே நிமிர்த்திக்கொள்கிறேன். ஊற்றும்போது நீ எதிரே நிற்காதே. பக்கத்தில் நில். நிறைகுடம் தூக்கி ரொம்ப நாளாயிற்று, இந்தக் கை முழுதாக மடங்காது. நழுவினால் பிடிக்க ஆள் வேண்டும்.

அக்கா